லென்வாடினிப்: பதினாலு மாதம் சாப்பிட்ட வீட்டிலிருந்து ஒரு விமர்சனம்

லென்வாடினிப் தைராய்டு புற்றுநோய்க்கான மாத்திரை. சாப்பிடுவது அம்மா, எழுதுவது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவைக் கேட்டால் இந்த மாத்திரைக்கு ஒரு நாள் ஐந்து நட்சத்திரம் கொடுப்பாள், மறுநாள் நாலு தடவை வயிற்றாலே போனால் "அட்டையோட தூக்கிக் குப்பையில போடு" என்பாள். நடுவில் நின்று பதினாலு மாதமாக அட்டையைப் பிரித்து, பிபி பார்த்து, நோட்டில் எழுதி, மருந்துக்கடையில் மல்லுக்கு நின்றவள் என்ற முறையில் எழுதுகிறேன். நான் டாக்டரும் இல்லை நர்ஸும் இல்லை, திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பதெல்லாம் உங்கள் டாக்டர் சொல்வதுதான்.

அம்மாவுக்கு ஆறு வருஷம் முன்னால் கழுத்தில் கட்டி வந்து தைராய்டை முழுக்க எடுத்தார்கள். அப்புறம் மிச்ச செல்களைக் கதிர்வீச்சால் அழிக்கிற ரேடியோ அயோடின், இரண்டு தடவை. தனி அறையில் அடைத்து வைத்து, சாப்பாட்டைக்கூட வாசலில் வைத்துவிட்டுப் போவார்களே, அது. கொஞ்ச காலம் நன்றாக இருந்தாள். பிறகு தைரோகுளோபுலின் (தைராய்டு செல்கள் விடுகிற ஒரு புரதம், ரத்தத்தில் பார்ப்பார்கள்) எண் ஏற ஆரம்பித்தது, நுரையீரலில் சின்னச் சின்னதாக நாலைந்து முடிச்சுகள். இன்னொரு தடவை அயோடின் கொடுத்தால் போதாதா என்று கேட்டேன். அந்த செல்கள் இப்போது அயோடினை உள்ளே இழுப்பதை விட்டுவிட்டன, கொடுத்தாலும் வீண் என்றார் டாக்டரம்மா. அந்தக் கட்டத்தில் வருகிற மருந்துதான் லென்வாடினிப்.

ஜப்பானின் எய்சாய் கம்பெனி கண்டுபிடித்தது, அவர்கள் வைத்த பெயர் லென்விமா. 2015 பிப்ரவரியில் அமெரிக்காவில் இந்த வகை தைராய்டு புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது. அனுமதிக்குக் காரணமான ஆய்வில் 392 பேர் இருந்தார்கள். மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்கு நோய் மறுபடி வளர 3.6 மாதம் ஆனது, லென்வாடினிப் சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்கு 18.3 மாதம். கணக்கு டீச்சருக்கு இந்த இரண்டு எண்ணும் போதும். கட்டி தனக்கு வேண்டிய ரத்தக் குழாய்களைப் புதிதாக வளர்த்துக்கொள்வதை இது தடுக்கிறது, சாப்பாடு போகிற வழியை அடைப்பது மாதிரி. கட்டிக்குப் போகிற குழாய் எது, அம்மாவுக்கு வேண்டிய குழாய் எது என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அம்மா பட்ட பாடு பெரும்பாலும் அதனால்தான்.

இப்போது இந்தியக் கம்பெனிகளும் போடுகின்றன, விலை எவ்வளவோ இறங்கிவிட்டது. எங்கள் வீட்டுக்கு வருவதும் அப்படி ஒன்றுதான். பெயர் வேண்டாம், ஏனென்றால் அடுத்து திட்டப் போகிறேன்.

தைராய்டுக்கு ஆரம்ப அளவு ஒரு நாளைக்கு 24 மில்லிகிராம். 24 என்று ஒரு மாத்திரை (நிஜத்தில் இது கேப்சூல், நாங்கள் மாத்திரை என்றே சொல்வோம்) கிடையாது. பத்து, பத்து, நாலு என்று மூன்றாகச் சேர்த்துப் போட வேண்டும். எங்களுக்கு வந்த பத்துக்கும் நாலுக்கும் பெட்டி ஒரே நிறம், ஒரே எழுத்து, ஒரே கோடு. எண் மட்டும் மூலையில் எறும்பு சைஸில் இருந்தது. கண்புரை ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிற 63 வயது அம்மா அதைப் பார்த்துப் பிரித்து எடுக்க வேண்டுமாம். மூன்றாவது வாரம் நான் ஊரில் இல்லாத ஒரு ராத்திரி, தம்பி எடுத்துக் கொடுத்தது பத்து, பத்து, பத்து. முப்பது மில்லிகிராம். மறுநாள் காலையில் அட்டையை எண்ணிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். ஆஸ்பத்திரிக்கு போன் போட்டதும் நர்ஸ் சத்தம் போடவில்லை, பிபியை நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாருங்கள், டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சொல்லும் வரை அடுத்த மாத்திரையைத் தொடாதீர்கள் என்றார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கே பழைய ரவா டப்பா இரண்டைக் கழுவிக் காய வைத்து, பத்துக்குச் சிவப்பு ரிப்பன், நாலுக்குப் பச்சை ரிப்பன் கட்டி, அட்டையை அட்டையாகவே உள்ளே வைத்தேன். மாத்திரையைப் பிதுக்கி டப்பாவில் கொட்டி வைக்கக் கூடாது, ஈரம் பட்டால் கெட்டுவிடும். ஒரு மருந்துக் கம்பெனி செய்ய வேண்டிய வேலையை ரிப்பன் செய்கிறது. பெட்டிக்கு என் மார்க் ஒன்றரை, அதுவும் எக்ஸ்பைரி தேதி தெளிவாக இருந்ததற்கு.

நேரத்துக்கு வருவோம். சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்ற தகராறு இதில் இல்லை, எப்படியும் சாப்பிடலாம். தினமும் ஒரே நேரம் என்பதுதான் முக்கியம். அம்மா ராத்திரி எட்டரையைத் தேர்ந்தெடுத்தாள், சீரியல் முடிகிற நேரம். மறந்துவிட்டால்? அடுத்த பன்னிரண்டு மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்தால் போட்டுக்கொள்ளலாம், அதைத் தாண்டினால் அன்றைய மாத்திரை போனது போனதுதான், அடுத்த நாள் வழக்கமான நேரத்தில் வழக்கமான அளவு. இரண்டு நாளுக்குச் சேர்த்துப் போடவே கூடாது. பழனிக்குப் போய்விட்டு பஸ் கிடைக்காமல் நடுராத்திரி வந்த அன்று இந்தப் பன்னிரண்டு மணி நேரக் கணக்கு எங்களைக் காப்பாற்றியது. வாந்தி எடுத்தால் திரும்பப் போடாதீர்கள் என்றும் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள், எவ்வளவு உள்ளே போனது எவ்வளவு வெளியே வந்தது என்று யாருக்குத் தெரியும்.

பிபி. இந்த மருந்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் படிப்பேன் என்கிறவர்கள் இந்தப் பத்தியைப் படியுங்கள். அம்மாவுக்கு அதுவரை பிபி கிடையாது. எப்போது பார்த்தாலும் 120, 80 என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். மாத்திரை ஆரம்பித்த பத்தாம் நாள் காலையில் 168/102. மெஷின் கெட்டுவிட்டது என்றாள். எனக்குப் போட்டுப் பார்த்தேன், 118/76. மெஷின் நன்றாகத்தான் இருந்தது. "நேத்து கருவாட்டுக் குழம்புல உப்புக் கூட" என்றாள். குழம்பு காரணமில்லை. அந்தப் பெரிய ஆய்விலேயே மருந்து சாப்பிட்ட நூறு பேரில் 73 பேருக்கு பிபி ஏறியிருக்கிறது. வந்தால் ஆச்சரியமில்லை, வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அன்றைக்கே அம்லோடிபின் ஆரம்பித்தார்கள், ஒரு வாரத்தில் 140க்குக் கீழே வந்தது.

மருந்து ஆரம்பிக்கும் முன்பே பிபி கட்டுக்குள் இருக்க வேண்டும், ஆரம்பித்த ஒரு வாரத்தில் ஒரு தடவை, அப்புறம் இரண்டு மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, பிறகு மாதத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்பது மருந்தோடு வருகிற விதி. அது ஆஸ்பத்திரிக் கணக்கு. வீட்டில் நாங்கள் முதல் இரண்டு மாதம் தினமும் இரண்டு வேளை பார்த்தோம். மேல்கையில் கட்டுகிற மெஷின் ஒன்று வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுகிற வகை எங்களுக்குத் தாறுமாறாகக் காட்டியது. காபி குடித்து அரை மணி நேரமாவது போகட்டும், ஐந்து நிமிஷம் சும்மா உட்காரட்டும், பேச விடாதீர்கள். (அம்மாவை ஐந்து நிமிஷம் பேசாமல் வைப்பதற்குத் தனியாக ஒரு விமர்சனம் எழுதலாம்.) டாக்டரம்மா ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தது இன்னும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது: 140/90 தாண்டினால் போன், 160/100 தாண்டினால் நேரில். தாங்க முடியாத தலைவலி, பார்வை மங்கல், வலிப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொள்வது, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கறுப்பாக மலம், கடுமையான வயிற்று வலி, இதில் எது வந்தாலும் போன் போட்டுக்கொண்டிருக்காமல் நேராக எமர்ஜென்சி.

இதெல்லாம் எழுதி வைத்தால் சரியாகப் போய்விடும் என்றுதான் நானும் நினைத்தேன். நோயாளி பொய் சொல்வாள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இரண்டாவது மாதம் அம்மா மெலிந்துகொண்டே வந்தாள். 58 கிலோ இருந்தவள் 53. கேட்டால் "பசி இல்லடி" என்பாள். நோட்டில் வயிற்றுப்போக்கு என்ற கட்டத்தில் தினமும் ஒன்று அல்லது பூஜ்யம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருந்தபோது மதியத்துக்குள் ஐந்து தடவை பாத்ரூம் போனாள், ஒவ்வொரு தடவையும் "பூச்செடிக்குத் தண்ணி ஊத்தப் போறேன்" என்று சொல்லிவிட்டு. எங்கள் வீட்டில் மொத்தமே இரண்டு செடி. மடக்கிக் கேட்டதும் அழுதுவிட்டாள். டாக்டரிடம் சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தினால் அது வளர்ந்துவிடும், அதனால் மூன்று வாரமாக மறைத்திருக்கிறாள். அம்மா அதை "அது" என்றுதான் சொல்வாள், இன்று வரை பெயர் சொன்னதில்லை.

மறுநாள் போனோம். உதடு காய்ந்து, கால்சியம் குறைந்து, சிறுநீரக எண் கொஞ்சம் ஏறியிருந்தது. இன்னும் ஒரு வாரம் மறைத்திருந்தால் சலைன் ஏற்றப் படுக்க வைத்திருப்பார்களாம். டாக்டரம்மா திட்டவில்லை. "மாத்திரை போடாம வைக்கிற நாளும் ட்ரீட்மென்ட்லதாம்மா சேர்த்தி" என்றார். ஐந்து நாள் நிறுத்தி, வயிறு அடங்கினதும் 20 மில்லிகிராமில் திரும்ப ஆரம்பித்தார். 24, 20, 14, 10 என்று இறங்குகிற படிக்கட்டு இந்த மருந்துக்கு ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த ஆய்வில் மருந்து சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 68 பேருக்கு எப்போதாவது அளவைக் குறைத்துத்தான் இருக்கிறார்கள், அப்படிக் குறைத்தவர்களையும் சேர்த்துத்தான் அந்த 18.3 மாதம். இதை அம்மாவுக்கு ஒரு தாளில் நூறு புள்ளி வைத்து, 68 புள்ளியைப் பேனாவால் வட்டமிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "இத்தனை பேரா" என்றாள். அன்றிலிருந்து நோட்டில் உண்மையான எண் வருகிறது.

அப்படியானால் முதலிலேயே குறைவாகக் கொடுத்திருக்கலாமே என்று எனக்கும் தோன்றியது. அதையும் சோதித்திருக்கிறார்கள். 18 மில்லிகிராமில் ஆரம்பித்தவர்களில் கட்டி நன்றாகச் சுருங்கியது நூற்றுக்கு 40 பேருக்கு, 24இல் ஆரம்பித்தவர்களில் 57 பேருக்கு. மேலே ஆரம்பித்து, உடம்பு பேசினால் இறங்குவதுதான் முறை. நாமாக இரண்டு மாத்திரை போதும் என்று வைத்துக்கொள்வதும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவதும் இந்தக் கணக்கிலேயே வராது. பக்கத்துத் தெருவில் ஒருவர் வேறொரு புற்றுநோய்க்கு இதே மாத்திரையைச் சாப்பிடுகிறார், அவருக்கு அளவே வேறு. அவரைப் பார்த்து நாமும் என்பது கூடவே கூடாது.

அடுத்து உள்ளங்கால். சிவந்து, எரிந்து, குதிகாலில் தோல் தடித்து உரிய ஆரம்பித்தது. கை கால் சிண்ட்ரோம் என்கிறார்கள். வாசலில் கோலம் போட உட்கார்ந்து எழுந்திருக்கிற வேலை நின்றது. வீட்டுக்குள்ளேயே மெத்தென்ற செருப்பு போடச் சொன்னார்கள், பூஜை அறை வரை செருப்பு போட்டுக்கொண்டு போவதா என்று அம்மா ஒரு வாரம் ஒத்துழையாமை நடத்தி, கடைசியில் காட்டன் சாக்ஸ் இரண்டு அடுக்கு என்று சமரசத்துக்கு வந்தாள். யூரியா கலந்த கிரீம் ராத்திரி தடவினால் நன்றாகவே கேட்கிறது. வெந்நீரில் கால் வைக்கக் கூடாது. வாய்ப்புண்ணுக்கு உப்புத் தண்ணீர் கொப்பளிப்பு, காரம் நிறுத்தம், மூன்று வாரம் மோர் சாதமும் சர்க்கரை தொட்ட இட்லியும். குரலும் கரகரத்துப் போனது, போனில் பேசினால் மாமா "யாரு பேசுறது" என்பார்.

வாய்ப்புண் அதிகமான நாட்களில் மாத்திரை விழுங்கவே முடியவில்லை. தம்பி மனைவி கேப்சூலைத் திறந்து தேனில் கலக்கலாமா என்று கேட்டாள். நல்லவேளை கேட்டாள். திறக்கவோ நசுக்கவோ கூடாது. சின்ன டம்ளரில் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, கேப்சூலை முழுதாகப் போட்டு, பத்து நிமிஷம் சும்மா விட்டு, பிறகு மூன்று நிமிஷம் கலக்கிக் குடிக்க வேண்டும். அப்புறம் அதே அளவு தண்ணீர் விட்டு டம்ளரைச் சுழற்றி அதையும் குடித்துவிட வேண்டும். தூள் தொண்டையில் ஒட்டுவது மாதிரி இருந்ததாம், ருசியைப் பற்றி அம்மா சொன்னதை எழுத முடியாது. ஆனால் வேலை நடந்தது. அந்த டம்ளருக்கென்று தனி இடம்.

தம்பி மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம். இந்த மருந்து வயிற்றில் இருக்கிற குழந்தையைப் பாதிக்கக் கூடியது, அதனால் அந்தப் பெண் அந்தத் தண்ணீரையோ உடைந்த கேப்சூலையோ தொடவே கூடாது என்றார்கள். அதுவரை சில ராத்திரி அட்டை பிரித்துக் கொடுத்தது அவள்தான். மருந்து எழுதிக் கொடுத்தபோது வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார்களா என்று கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. இது எங்கள் இரண்டு பக்கத் தப்பு. நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். சாப்பிடுவது குழந்தை பெறும் வயதுப் பெண் என்றால், மருந்து நிறுத்திய பிறகும் ஒரு மாதமாவது கருத்தடை தொடர வேண்டும்.

தைராய்டு மாத்திரையை மறக்கக் கூடாது. புது மருந்து வந்ததும் பழையது பின்னால் போய்விடுகிறது. அம்மாவுக்குத் தைராய்டே இல்லை, காலையில் போடுகிற அந்தச் சின்ன வெள்ளை மாத்திரைதான் தைராய்டு. அது டிஎஸ்எச்சை (தைராய்டைத் தூண்டுகிற ஹார்மோன்) அமுக்கியும் வைக்க வேண்டும், மிச்சம் இருக்கிற புற்றுநோய் செல்களுக்கு டிஎஸ்எச் தீனி மாதிரி. அம்மாவுக்கு 0.1க்குக் கீழே இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். லென்வாடினிப் ஆரம்பித்த இரண்டாம் மாதம் டிஎஸ்எச் 3க்கு மேல். லேப் தாளில் அது "நார்மல்" என்றுதான் அச்சாகியிருந்தது, அதைப் பார்த்து நானும் நிம்மதியாக மடித்து வைத்துவிட்டேன். டாக்டரம்மா பார்த்துத்தான் 100 மைக்ரோகிராமை 125 ஆக்கினார். இந்த மருந்து டிஎஸ்எச்சை ஏற்றிவிடும், மாதா மாதம் பார்க்க வேண்டும். களைப்பு எல்லாமே புது மருந்தால்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம், பாதி இதனால்.

இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. அம்மா தைராய்டு மாத்திரையைக் காலை ஐந்தரைக்கு ஃபில்டர் காபியோடு விழுங்கி, அப்படியே கால்சியம் மாத்திரையையும் "ஒரே வேலையா" முடித்துக்கொண்டிருந்தாள். ஆறு வருஷமாக. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, காபிக்கு அரை மணியாவது முக்கால் மணியாவது விட வேண்டும், கால்சியத்துக்கும் இரும்புச் சத்து மாத்திரைக்கும் நாலு மணி நேரம் இடைவெளி. இப்போது கால்சியம் மதியச் சாப்பாட்டோடு. அந்த அரை மணி நேரம் அம்மா அடுப்படியில் டிகாஷன் டம்ளரை முறைத்துக்கொண்டு நிற்பாள்.

முழங்கால் வலிக்குத் தெருமுனை மெடிக்கலில் எப்போதும் வாங்குகிற வலி மாத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்யூப்ரோஃபென், டைக்ளோஃபினாக் வகையறா. லென்வாடினிப் ரத்தக் கசிவைக் கூட்டும், சிறுநீரகத்தைத் தொடும், பிபியை ஏற்றும். வலி மாத்திரையும் அதே மூன்றையும் செய்யும். அம்மா இரண்டு நாள் போட்டதில் மூக்கிலிருந்து ரத்தம் வந்து தலையணை உறை நனைந்துவிட்டது. இப்போது கேட்டுவிட்டு பாரசிட்டமால் மட்டும். சித்தி கொடுத்தனுப்பிய லேகியம் பாட்டில் அலமாரியில் திறக்காமலே இருக்கிறது, சித்தி வருகிற அன்று மட்டும் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைப்போம். அதில் என்ன இருக்கிறது என்று லேபிளும் இல்லை, சித்திக்கும் தெரியாது.

24 மணி நேர யூரின் டெஸ்ட் ஒன்று உண்டு, சிறுநீரில் புரதம் எவ்வளவு போகிறது என்று பார்க்க. சாதா டெஸ்டில் புரதம் இரண்டு பிளஸ் காட்டினால் இதைச் செய்யச் சொல்வார்கள், ஒரு நாளைக்கு இரண்டு கிராமும் அதற்கு மேலும் போனால் மருந்தை நிறுத்தி வைப்பார்கள். ஐந்து லிட்டர் வெள்ளைக் கேன் கொடுத்து, காலை முதல் சிறுநீரை விட்டுவிட்டு, அப்புறம் மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை அத்தனையும் பிடிக்கச் சொன்னார்கள். கேனைக் குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும் என்றதும் அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. ஃபிரிட்ஜ் பேச்சே எடுக்க முடியாது. மீன் வாங்கப் போகிற ஐஸ் பெட்டியில் ஐஸ் போட்டு பாத்ரூமுக்குள் வைத்து, மேலே துண்டு போர்த்தி, அன்றைக்கு யார் வந்தாலும் பாத்ரூம் ரிப்பேர் என்று சொல்லச் சொன்னாள். அம்மாவுக்கு 1.1 கிராம். மருந்து தொடர்ந்தது. ஐஸ் பெட்டியைத் தம்பி புதிதாக வாங்கிக்கொண்டான்.

பல்லும் இதில் வருகிறது என்று நான் எதிர்பார்க்கவில்லை. கடைவாய்ப் பல் ஆடியது, பல் டாக்டர் அன்றைக்கே பிடுங்குகிறேன் என்றார். வாய் தவறி இந்த மாத்திரையைச் சொன்னதால் நிறுத்தினார். இதைச் சாப்பிடும்போது புண் ஆறுவது தாமதமாகும், தாடை எலும்பு கெட்டுப் போன சம்பவங்களும் உண்டு, அதனால் பல் பிடுங்குவதோ வேறு ஆபரேஷனோ, ஒரு வாரம் முன்பாவது மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும். பெரிய ஆபரேஷன் என்றால் முடிந்து இரண்டு வாரமாவது, புண் நன்றாக ஆறும் வரை ஆரம்பிக்கக் கூடாது. முடிந்தால் மருந்து ஆரம்பிக்கும் முன்பே பல் வேலையை முடித்துவிடுங்கள். கண்புரை ஆபரேஷனை அம்மா இதைச் சாக்காக வைத்து இன்னும் ஆறு மாதம் தள்ளிவிட்டாள்.

வைக்கிற இடம். பெட்டியில் 25 டிகிரி என்று போட்டிருக்கிறது, 15லிருந்து 30 வரை கொஞ்ச நேரம் போனால் பரவாயில்லை. சித்திரையில் திண்டுக்கல் வந்து பார்த்துவிட்டு எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார்கள். அம்மா ஃபிரிட்ஜில் வைத்தாள், எடுத்து வெளியே வைத்தேன், ஈரமும் குளிரும் இதற்கு ஆகாது. எங்கள் வீட்டில் வெயில் படாத வடக்குச் சுவர் அலமாரிதான் இடம், துணிகளுக்கு நடுவில். அடுப்படி, டிவி மேல், கார் டேஷ்போர்டு மூன்றும் வேண்டாம்.

வாங்குவது பற்றிக் கொஞ்சம். அட்டையில் அச்சடித்த விலையைப் பார்த்து மயக்கம் போடாதீர்கள், அது வேறு, கொடுக்கிற விலை வேறு. மூன்று இடத்தில் விசாரித்தேன், மூன்று விலை. ஆனால் பில் இல்லாமல், வாட்ஸ்அப்பில் பாதி விலைக்கு என்று வருகிறவர்களிடம் வேண்டாம். பேட்ச் நம்பர் பில்லிலும் அட்டையிலும் ஒன்றா என்று பார்த்து வாங்குங்கள். தீபாவளி சமயத்தில் கடைக்காரர் "நாளைக்கு வந்துரும்" என்று சொல்லிச் சொல்லி மூன்று நாள் ஓட்டிவிட்டார். அதிலிருந்து பத்து நாள் மாத்திரை மிச்சம் இருக்கும்போதே சொல்லிவிடுகிறேன். ஒரே சமயத்தில் மூன்று மாதத்துக்கும் வாங்கி அடுக்காதீர்கள். அம்மாவுக்கு அளவு 14 ஆக இறங்கியபோது பத்து மில்லிகிராம் நாலு அட்டை கூடுதலாக நின்றது, கடையில் திரும்ப வாங்கவில்லை, அது தீர நாற்பது நாள் ஆனது.

ஆமாம், இப்போது 14. ஒரு பத்து, ஒரு நாலு. எட்டாம் மாதத்திலிருந்து அதுதான். பலன் இருக்கிறதா என்றுதானே கேட்பீர்கள். மூன்றாம் மாத ஸ்கேனில் பெரிய முடிச்சு பாதியாகியிருந்தது, தைரோகுளோபுலின் நாலில் ஒரு பங்காக இறங்கியிருந்தது. பன்னிரண்டாம் மாத ஸ்கேனில் அப்படியே நின்றது. வளரவில்லை. இது நோயை அடியோடு எடுக்கிற மருந்து என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை, நாங்களும் அப்படி வாங்கவில்லை. எடை 51இல் நிற்கிறது. கோலம் மறுபடி போடுகிறாள், சின்னதாக, நின்றபடி குனிந்து.

மருந்துக்கு நான் நாலு கொடுக்கிறேன். அம்மாவிடம் நேற்று எத்தனை நட்சத்திரம் என்று கேட்டேன். நோட்டை எடுத்து எட்டரை மணிக் கட்டத்தில் டிக் அடித்து, பக்கத்துக் கட்டத்தில் "3 தடவை, கடைசி தண்ணி மாதிரி" என்று எழுதி என் பக்கம் தள்ளினாள்.